கையடக்க ஜிபிஎஸ்: நோட்டில் இருக்கும் புள்ளிக்குப் போனால் பார் தட்டுப்படவில்லை

தருவைக்குளம்_வள்ளம்:

எல்லோருக்கும் வணக்கம். தூண்டில் தொழில், 28 அடி ஃபைபர் வள்ளம். கார்மின் 78 கையடக்க ஜிபிஎஸ் வாங்கியிருக்கிறோம், உள்ளே திசைகாட்டி இல்லாத மாடல். அப்பாவின் பழைய நோட்டில் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று இப்படி: 08 48 30, 078 21 45. இதை 08° 48.300', 078° 21.450' என்று போட்டு, தூரம் 5 மீட்டர் என்று காட்டும் இடத்தில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டை இறக்கினால் வெறும் சேறு. 9 பாகத்தில் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) பார் தட்ட வேண்டும், இங்கே 11 பாகம் போகிறது. நோட்டில் பல புள்ளிகள் இப்படித்தான்.

இன்னும் இரண்டு சந்தேகம். இன்ஜினை நிறுத்தியதும் அம்புக்குறி நாலா பக்கமும் சுற்றுகிறது, மெஷினில் கோளாறா? அப்புறம், கிடைத்த பாரிலும் நங்கூரம் போட்டு வள்ளம் நின்றபின் பார்த்தால் பாரை விட்டு விலகி நிற்கிறது. எத்தனை மீட்டர் தள்ளிப் போட வேண்டும் என்று கணக்கு ஏதும் உண்டா?

கணியக்காரன்:

தம்பி, மெஷினில் கோளாறு இல்லை. நோட்டில் இருப்பது டிகிரி, நிமிடம், வினாடி. நீங்கள் போட்டது டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம். 30 வினாடி என்பது அரை நிமிடம், அதாவது 48.500. நீங்கள் 48.300 போட்டிருக்கிறீர்கள். 45 வினாடி என்பது 21.750, நீங்கள் போட்டது 21.450.

வடக்கு தெற்கில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். 0.2 நிமிடம் விட்டால் 370 மீட்டர். கிழக்கு மேற்கில் நம் பகுதியில் ஒரு நிமிடம் 1830 மீட்டர் வரும், 0.3 நிமிடம் விட்டால் சுமார் 550 மீட்டர். இரண்டையும் சேர்த்தால் பார் நீங்கள் நின்ற இடத்திலிருந்து வடகிழக்கே 650 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வினாடியைத் தசமமாகப் போட்டால் நிஜமான இடம் எப்போதும் வடகிழக்குப் பக்கம்தான் இருக்கும். தசமத்தை வினாடியாகப் போட்டால் தென்மேற்கே இருக்கும். தேடப் போகும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

மனக்கணக்காக மாற்ற வேண்டாம். செட்அப்பில் பொசிஷன் ஃபார்மேட் என்று இருக்கும். அதில் டிகிரி, நிமிடம், வினாடி வடிவத்தைத் தேர்ந்தெடுத்து நோட்டில் உள்ளபடியே புள்ளியை ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் பழையபடி தசம நிமிடத்துக்கு மாற்றிவிட்டால் மெஷினே எல்லாவற்றையும் திருப்பிக் காட்டும். காட்டும் எண்ணை நோட்டில் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதே செட்அப் பக்கத்தில் மேப் டேட்டம் (எண்களைப் பூமியின் மேல் பொருத்தும் அடிப்படை அளவீடு) டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு டேட்டம் இருந்தால் புள்ளி 100 மீட்டருக்கு மேல்கூடத் தள்ளிப் போகும், எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நோட்டு முழுக்க ஒரே வடிவம் என்று நம்பாதீர்கள். கடைசி எண்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். எங்காவது 60க்கு மேல், 72 என்றோ 85 என்றோ இருந்தால் அது வினாடியாக இருக்க முடியாது. மூன்று இலக்கம் இருந்தாலும் தசமம்தான். ஒரே காலத்தில் ஒரே கையெழுத்தில் எழுதிய பக்கங்களை ஒரு கட்டாக வைத்து முடிவு செய்யுங்கள்.

செல்போனில் எடுத்த புள்ளி இன்னொரு வகை. 8.80500 என்று டிகிரியே தசமத்தில் வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்கினால் நிமிடம்: 0.805 × 60 = 48.3. இதுவும் அதே பொசிஷன் ஃபார்மேட் வழியாக நேரடியாக ஏற்றக்கூடியதுதான்.

மணப்பாடு_தூண்டில்:

அண்ணாச்சி சொன்னது சரி. இன்னொரு இடத்திலும் சறுக்கும்: நடுவில் வரும் சுழியம். 48.03 என்று எழுதியதை 48.3 என்று போட்டால் 500 மீட்டர் போச்சு. வாக்கி-டாக்கியில் எண் சொல்லும்போது "நாற்பத்தெட்டு, பாயிண்ட், சுழியம், மூன்று, சுழியம்" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். ஆபத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்ணில் பேசும்போதும் இப்படித்தான், தசமமா வினாடியா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அம்பு சுற்றுவது பற்றி. உங்கள் மாடலில் திசைகாட்டி கிடையாது. ஒரு நொடி முன்பு எங்கே இருந்தோம், இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை வைத்துத்தான் அது திசையைக் கணக்கிடுகிறது. வள்ளம் ஓடாவிட்டால் அதற்குத் திசையே தெரியாது. நடை வேகத்துக்கு மேல் ஓடினால்தான் அம்பு நிலைக்கும். திசைகாட்டி உள்ள 78எஸ் வாங்கினாலும், பேட்டரி மாற்றியபின் காலிபரேட் செய்யாவிட்டால் அது தப்பாகக் காட்டும், அதுவும் இரும்பு, இன்ஜின், ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் இன்னும் மோசம். அதனால் சாதாரணக் கப்பல் திசைகாட்டி ஒன்று வள்ளத்தில் இருந்தே ஆக வேண்டும். திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் உள்ள வேறுபாடு நம் பகுதியில் 2 டிகிரிக்குள்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஓட்டும்போது பார்க்க வேண்டியது அம்பை அல்ல, இரண்டு எண்களை. ஒன்று பேரிங், அதாவது புள்ளி இருக்கும் திசை. இன்னொன்று கோர்ஸ், வள்ளம் உண்மையில் நகரும் திசை. அணியத்தை (வள்ளத்தின் முன்முனையை) அம்புக்கு நேரே வைத்துக்கொண்டே போனால் நீரோட்டம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே போகும், பாதை வில்லாக வளையும், டீசலும் வீணாகும். இரண்டு எண்ணும் ஒன்றாக வரும்வரை அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பிப் பிடியுங்கள். பேரிங் 095, கோர்ஸ் 103 என்றால் வள்ளம் வலப்பக்கம் அடித்துச் செல்லப்படுகிறது, 8 டிகிரி அளவு இடப்பக்கம் திருப்ப வேண்டும்.

திரும்பி வரும்போது கவனம். புள்ளிக்கு வழிகாட்டும் கோ டூ கொடுத்தால் நேர்கோடுதான் காட்டும், நடுவில் தீவோ கல்லோ இருப்பது அதற்குத் தெரியாது. தூத்துக்குடிக்கு வெளியே வான் தீவு, காசுவார், நீரில் மூழ்கிப்போன விலாங்குச்சல்லி, காரைச்சல்லி எல்லாம் வரிசையாக இருக்கின்றன, சுற்றிலும் ஆழம் குறைந்த பவளப் பார், அதோடு தேசியப் பூங்கா எல்லை. போன டிராக்கை (மெஷின் பதிந்த பாதையை) சேமித்து வைத்து டிராக் பேக் கொடுத்து, போன வழியிலேயே வாருங்கள். இல்லையென்றால் தீவுகளைச் சுற்றி மூன்று நான்கு புள்ளி வைத்து ரூட்டாகக் கோத்துக்கொள்ளுங்கள்.

கணியக்காரன்:

நங்கூரக் கணக்கு விட்டுப்போயிற்று. 10 பாகம் ஆழத்துக்குக் கயிறு 30 பாகம் விடுகிறீர்கள் என்று வையுங்கள். கயிறு இறுகினதும் நங்கூரத்துக்கும் வள்ளத்துக்கும் தரை தூரம் சுமார் 28 பாகம், 50 மீட்டருக்குச் சற்று மேல். பாருக்கு நேர் மேலே நங்கூரம் போட்டால் வள்ளம் 50 மீட்டர் தள்ளித்தான் நிற்கும். பல பார்கள் அவ்வளவு அகலம்கூட இருக்காது.

எந்தப் பக்கம் தள்ளும் என்பதை ஜிபிஎஸ்ஸே சொல்லும். புள்ளிக்கு மேலே இன்ஜினை நிறுத்தி, டிராக்கை அழித்துவிட்டு, மேப்பை 50 மீட்டர் அளவுக்கு நெருக்கி வைத்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். திரையில் ஒரு கோடு விழும். காற்றும் நீவாடும் (நீரோட்டமும்) சேர்ந்து இழுக்கும் திசை அது. அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே, புள்ளியைத் தாண்டி 50 மீட்டர் போய் நங்கூரம் போட்டுக் கயிறு விட்டால் வள்ளம் புள்ளியின் மேல் வந்து நிற்கும். நீவாடு திரும்பினால் மறுபக்கம் 100 மீட்டர் நகர்ந்துவிடும், மறுபடி போட வேண்டியதுதான். நங்கூரம் இழுபடுவதற்கான அலாரம் வைப்பதாக இருந்தால் இந்த 100 மீட்டரையும் கணக்கில் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் கத்தும்.

புதுப் பார் மார்க் செய்யும்போது ஒரே புள்ளியோடு விடாதீர்கள். ஈயம் கல்லில் தட்டும் அந்த நொடியில் மார்க் பொத்தானை அழுத்துங்கள். பிறகு மெதுவாக ஓடி, கல் முடிந்து சேறு தொடங்கும் இடத்தையும் மார்க் செய்யுங்கள். கரைப்பக்க விளிம்பு, கடல்பக்க விளிம்பு என்று இரண்டு இருந்தால் பாரின் அகலமும் அது கிடக்கும் விதமும் புரியும். ஈயத்தின் அடிக்குழியில் சோப்பு அப்பி இறக்கினால் மணலா, சிப்பியா, சேறா என்று ஒட்டி வரும். அந்தக் குறிப்பும் ஆழமும் புள்ளியின் பெயரிலேயே இருக்க வேண்டும். 001, 002 என்று மெஷின் வைக்கும் பெயரில் விட்டால் ஒரு மாதத்தில் எது எது என்றே தெரியாது. வேபாயிண்ட் ஆவரேஜிங் என்று ஒரு வசதி உண்டு, அதைக் கரையில் மட்டும் பயன்படுத்துங்கள். வள்ளம் நகர்ந்துகொண்டே இருக்கும்போது அது எடுக்கும் சராசரி எந்த இடத்தையும் குறிக்காது.

கரை தெரியும் தூரத்தில் இருந்தால் கணியமும் சேர்த்து எழுதுங்கள்: எந்தக் கோபுரம் எந்தப் பனைக்கு நேராக வருகிறது, எந்த மலை எந்தக் கட்டடத்தின் மேல் நிற்கிறது. இரண்டு கோடு வெட்டும் இடம் பார். பேட்டரி இல்லாமல் வேலை செய்வது அது ஒன்றுதான், ஜிபிஎஸ் எண்ணைச் சரிபார்க்கவும் அதைவிட நல்ல வழி கிடையாது.

பாம்பன்_கரை:

இதே கேள்வியோடு ஒன்று சேர்க்கிறேன். பாக் நீரிணையில் இந்திய-இலங்கை எல்லைக் கோட்டைக் கையடக்க மெஷினில் எப்படிப் போடுவது? எங்கள் மெஷினில் கோடு எதுவும் தெரியவில்லை.

மணப்பாடு_தூண்டில்:

மெஷினோடு வரும் அடிப்படை மேப்பில் அந்தக் கோடு இருக்காது, நாம்தான் ஏற்ற வேண்டும். 1974 ஒப்பந்தத்தில் ஆறு புள்ளிகள். வடக்கிலிருந்து தெற்காக:

10° 05.00', 80° 03.00'
09° 57.00', 79° 35.00'
09° 40.15', 79° 22.60'
09° 21.80', 79° 30.70'
09° 13.00', 79° 32.00'
09° 06.00', 79° 32.00'

இவை எல்லாமே தசம நிமிடம். 22.60, 21.80, 30.70 என்று இருப்பதைப் பாருங்கள், 60, 80, 70 வினாடி என்று ஒன்று கிடையாது. மேலே தம்பிக்கு நேர்ந்த அதே குழப்பம் இங்கே வந்தால் வள்ளமும் ஆட்களும் மாட்டிக்கொள்வார்கள். ஆறையும் ஏற்றி, ரூட் பிளானரில் வரிசையாகக் கோத்தால் மேப்பில் கோடு விழும்.

அந்தக் கோட்டையே எல்லையாக வைத்து ஓட்டாதீர்கள். இரண்டு கடல் மைல் தள்ளி, நம் பக்கம், இன்னொரு ரூட் போட்டு அதைத்தான் எல்லையாக நினைக்க வேண்டும். ஒப்பந்தப் புள்ளிகள் ஜிபிஎஸ் வருவதற்கு முந்திய காலத்தவை, மீட்டர் கணக்கில் நம்பக் கூடாது. அதோடு, இன்ஜின் நின்றால் ஒரு நாட் நீரோட்டமே ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் இழுத்துவிடும். வலை விரித்துவிட்டு அசந்து தூங்கும் நேரத்துக்கு அந்த இரண்டு மைல் தேவை. பிராக்சிமிட்டி அலாரம் (நெருங்கினால் கத்தும் அலாரம்) புள்ளியைச் சுற்றி வட்டமாகத்தான் வேலை செய்யும், கோட்டுக்குச் செய்யாது. தொழில் செய்யும் பகுதிக்கு நேராகக் கோட்டின் மேல் இரண்டு மைலுக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மைல் ஆரத்தில் வட்டம் கொடுத்தால் இடைவெளி இல்லாமல் மூடும்.

தருவைக்குளம்_வள்ளம்:

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். முன்பாதியில் கடைசி எண் எதுவும் 59ஐத் தாண்டவில்லை. பின்பாதியில் மூன்று இலக்கம். இரண்டையும் தனித்தனி வடிவத்தில் ஏற்றிவிடுகிறேன். பேட்டரி பற்றி ஒரு கேள்வி: சார்ஜ் செய்யும் பேட்டரி போட்டால் சீக்கிரமே குறைவு என்று காட்டுகிறதே?

கணியக்காரன்:

செட்அப்பில் பேட்டரி டைப் ஆல்கலைன் என்று இருக்கும், என்ஐஎம்எச் என்று மாற்றுங்கள். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. மெஷின் அந்தக் கணக்கில்தான் பட்டையைக் காட்டுகிறது. கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, அதன்பிறகு பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பின்னால் இருக்கும் யுஎஸ்பி ரப்பர் மூடி சரியாக அமராவிட்டால் உப்பு ஏறி முள் அரித்துவிடும், அப்புறம் புள்ளிகளைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கவே முடியாது. புதுப் புள்ளிகளை ஏற்றி முடித்த அன்றே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள் தம்பி.