மீன்தொட்டி 'சைக்ளிங்': 'தொட்டி பழக்கல்' என்று சொல்லலாமா?

அன்புடையீர், வணக்கம்.

மீன்தொட்டி வளர்ப்புக் கலைச்சொற்களில் 'சைக்ளிங்' என்பதற்கு இதுவரை சுழற்சியூட்டல், நீர் முதிர்வு, பதப்படுத்தல் ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. மூன்றையும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. நான்காவதாகத் 'தொட்டி பழக்கல்' என்பதை முன்வைக்கிறேன்.

சொல்லுக்குள் போகும் முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மீனின் செவுள் வழியாகவும், கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதாலும் நீரில் அம்மோனியா சேர்கிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் சிறு அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. நைட்ரேட்டின் தீங்கு அவற்றை நோக்க மிகக் குறைவு. புதிய தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அன்றாடம் உண்டாகும் அம்மோனியாவை அன்றன்றே தீர்க்கும் அளவுக்கு அவை பெருக, பழைய தொட்டியிலிருந்து எதையும் கொண்டுவந்து சேர்க்காவிட்டால், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பையும் அதற்காக நாம் செய்யும் வேலையையும் சேர்த்துக் குறிப்பதுதான் 'சைக்ளிங்'.

'சுழற்சி' என்ற சொல் புதியவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் கொள்ளும். கடைக்காரர், "சைக்கிள் ஆகட்டும் சார், அப்புறம் மீன் விடுங்க" என்றார். தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மூன்று நாள் இரவு பகலாக மோட்டாரை ஓட விட்டேன். தொட்டிக்குள் ஒரு துணுக்குத் தீனிகூட இல்லை. அம்மோனியாவே இல்லாத நீரில் அதைத் தின்று வாழும் உயிர் எப்படிப் பெருகும்? நீர் பளிங்குபோல் தெளிந்திருந்ததைப் பார்த்து மகிழ்ந்து, நான்காம் நாள் எட்டு மோலி மீன்களை விட்டேன். ஒரு வாரம் கழித்துக் காலையில் பார்த்தால், எட்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடிக்கு அடியில் இரத்தச் சிவப்பு. நண்பரிடம் கடன் வாங்கிய அம்மோனியா சோதனைப் பெட்டியில் 5 மில்லி நீர் எடுத்துச் சொட்டு மருந்தை விட்டேன். மஞ்சளாகவே நின்றிருக்க வேண்டிய குழாய், சில நிமிடங்களில் வேப்பிலைப் பச்சைக்கு மாறியது. ஐந்து மீன்கள் போய்விட்டன.

'சுழற்சியூட்டல்' என்று தமிழில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீராது, கூடும். ஏனென்றால் மோட்டார் நீரைச் சுழற்றுவது கண்ணெதிரே நடக்கிறது, மற்றது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. இயற்கையில் நைட்ரேட் மீண்டும் நைட்ரஜன் வளியாகி வட்டம் முழுமை பெறுகிறது. சாதாரண வீட்டுத் தொட்டியில் அந்தக் கடைசிப் படி பெரும்பாலும் நடப்பதே இல்லை. நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகிறது. செடிகள் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ள, மீதியை நாம்தான் வாரம் ஒருமுறை வாளியில் மொண்டு கொட்டுகிறோம். வாளியில் போய் முடிகிற ஒன்றைச் சுழற்சி என்பது ஆங்கிலத்திலேயே தளர்வான வழக்கு. அந்தத் தளர்வைத் தமிழ் ஏன் சுமக்க வேண்டும்? தவிரவும், நாம் நைட்ரஜன் சுழற்சி என்று படித்ததை இலங்கை மாணவர்கள் நைதரசன் வட்டம் என்று படிக்கிறார்கள். அதன்மேல் கட்டும் சொல் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

'நீர் முதிர்வு' வேறு வகையில் தவறுகிறது. இந்த பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதைவிடப் பெரும்பாலும் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை: வடிகட்டியின் பஞ்சு, அடியில் பரப்பிய கல், கண்ணாடி, இலை. ஆகவே பழைய தொட்டி நீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து புதிய தொட்டியில் ஊற்றினாலும் பெரிய பயன் இல்லை. மறுபுறம், குளோரின் நீக்கிய நீரைக் கொண்டு பாதிக்கு மேல் மாற்றினாலும் தொட்டி பழைய நிலைக்குப் போய்விடாது. ஆனால் பஞ்சை மாநகராட்சிக் குழாய்க்கு அடியில் பிடித்துப் பிழிந்து கழுவினால், குளோரின் பட்டுப் பல நாள் உழைப்பு போய்விடும். முதிர்வது நீர் என்று சொல் சொன்னால், வளர்ப்பவர் நீரைக் காப்பாற்றிப் பஞ்சைக் கொல்வார். 'பதப்படுத்தல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீனோடு சேர்த்து அந்தச் சொல்லைக் கேட்டால் கருவாடும் டப்பா மீனும்தான் நினைவுக்கு வருகின்றன.

இனி என் பரிந்துரை. புதிய மண்சட்டி வாங்கி வந்தால் அன்றே அதில் குழம்பு வைப்பதில்லை. நீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ ஊற்றிக் கொதிக்கவைத்து, சில நாள் திரும்பத் திரும்பச் செய்து, எண்ணெய் தடவி வைத்த பிறகுதான் சமைக்கிறார்கள். இதைச் சட்டி பழக்குவது என்கிறோம். தோசைக்கல்லையும் இப்படித்தான் பழக்குகிறோம். பொருத்தம் மேலோட்டமானது அன்று. இரண்டிலும் பாத்திரம் பார்வைக்கு முதல் நாளே தயார். இரண்டிலும் உண்மையான வேலை அதன் பரப்பில் நடக்கிறது. இரண்டிலும் உரியதை உள்ளே இட்டு, காத்திருந்து, பிறகே பயன்படுத்துகிறோம். 'சைக்ளிங்' என்றால் என்ன என்று கேட்ட என் அத்தையிடம், "சட்டி பழக்குற மாதிரி தொட்டியைப் பழக்கறது, அத்தை" என்றேன். "அப்ப அரிசி கழுவின தண்ணிக்குப் பதிலா என்ன ஊத்துவே?" என்று அடுத்த கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டார். தினமும் ஒரு சிட்டிகை தீனி, அல்லது அளந்து விட்ட அம்மோனியா என்பதே விடை.

பழகு, பழக்கு என்று தன்வினையும் பிறவினையும் இருப்பதால் குடும்பச் சொற்களும் தாமாகவே அமைகின்றன. தொட்டி பழகிவிட்டது, இன்னும் பழகவில்லை, பழகாத தொட்டியில் மீன் விடாதீர்கள். மீன் விடாமல் செய்வது 'மீனின்றிப் பழக்கல்'. சில மீன்களை விட்டு, அவற்றின் கழிவைக் கொண்டே செய்வது 'மீனிட்டுப் பழக்கல்'. இரண்டாவதில் மீனுக்குத் துன்பம் உண்டு, அதுவும் காரத்தன்மை மிகுந்த நீரில் கூடுதலாக: 28 பாகை வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரைவிட 8 உள்ள நீரில் நச்சு வடிவில் நிற்கும் அம்மோனியாவின் பங்கு ஒன்பது மடங்குக்கும் மேல்.

பழகிய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் புதிய தொட்டியில் போட்டு நாள்களைக் குறைப்பதும் வழக்கம். அதை 'உறையிடல்' என்றும், அந்தத் துண்டை 'உறைப்பஞ்சு' என்றும் சொல்லலாம். பாலுக்கு உறைமோர் செய்யும் வேலைதான் இது.

பாக்டீரியாவின் பெயரையோ வேதிப்பெயரையோ சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று மீன் வளர்ப்பு நூல்கள் நெடுங்காலம் எழுதின; 1990களின் இறுதியில் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது அங்கே அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று தெரிந்தது. 2015இல், இரண்டு படிகளையும் ஒரே உயிரி செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் கண்டறியப்பட்டன. பழக்கல் என்ற சொல்லுக்கு இவற்றால் எந்த இடையூறும் இல்லை.

மறுமொழி 1

ஐயா, வணக்கம். உறைப்பஞ்சை இப்போதே எடுத்துக்கொள்கிறேன். பழக்கலில் எனக்கு இரண்டு தடைகள்.

கடையிலிருந்து வந்த மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, பிறகு திறந்துவிடுகிறோமே, அதையும் 'மீனைப் பழக்குவது' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்கிறோம். 'பழக்கியாச்சா?' என்று ஒருவர் கேட்டால் அரைமணி நேர வேலையைக் கேட்கிறாரா, ஆறு வார வேலையைக் கேட்கிறாரா என்று எப்படித் தெரியும்?

அடுத்தது செடித் தொட்டி பற்றியது. என் தொட்டியில் முதல் நாளே வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டுவிட்டேன். ஒரு நாளும் சோதனைக் குழாய் பச்சையாகவே இல்லை. வேகமாக வளரும் செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கே பாக்டீரியா பெருகியதா, செடி தின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இலங்கைக் கிரிப்டோகோரைன் செடிகளையும் நட்டிருந்தேன். அவையோ இடம் மாறியதும் இலை முழுக்கக் கரைந்து, வேரிலிருந்து மறுபடி துளிர்க்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டன. செடியும் அல்லவா பழகுகிறது?

மறுமொழி 2

அம்மா, முதல் தடை நியாயமானது. நான் அதை யோசிக்கவில்லை. மீனுக்குச் செய்வதை 'நீரிணக்கம்' என்று பிரித்துவிடலாம். வீட்டுப் பேச்சில் மீனைப் பழக்குவது தொடரட்டும், சொற்பட்டியலில் பழக்கலுக்கு முன் 'தொட்டி' கட்டாயம் வரட்டும்.

இரண்டாவதை நான் தடையாகப் பார்க்கவில்லை. சுழற்சி என்று பெயரிட்டிருந்தால் உங்கள் வேலம்பாசித் தொட்டிக்குத் தனியாக ஒரு சொல் தேடியிருப்போம். அம்மோனியாவை யார் தீர்த்தாலும், மீனைத் தாங்கும் நிலைக்குத் தொட்டி வந்துவிட்டால் அது பழகிய தொட்டிதான். 'செடியிட்டுப் பழக்கல்' என்று மூன்றாவது வகையாகச் சேர்த்துக்கொள்கிறேன். கிரிப்டோகோரைன் கரைவதற்கு 'இலைக்கரைவு' என்று தனிப் பதிவே வேண்டும். அது தொட்டியின் குறை அன்று, செடியின் இயல்பு.

பதிவை இப்படி எழுதியிருக்கிறேன். தொட்டி பழக்கல்: புதிய மீன்தொட்டியில் அன்றாடம் சேரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அன்றன்றே தீரும் நிலையை உண்டாக்குதல். நாள் கணக்கை வரையறைக்குள் வைக்கவில்லை. உறைப்பஞ்சு இட்டால் ஒரு வாரத்திலும் முடியக்கூடும். குளிர்ந்த மலையூரில் வெப்பமூட்டி இல்லாமல் வைத்தால் ஆறு வாரமும் போதாமல் போகலாம்.