சூடேறிய பின் ஸ்டார்ட் ஆகாத வண்டி: வால்வா, பிஸ்டன் ரிங்கா?

கேள்வி

காற்றால் குளிரும் 150 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி, கார்ப்பரேட்டர் வகை, 46,000 கிலோமீட்டர் ஓடியது. காலையில் முதல் உதையிலேயே கிளம்பிவிடுகிறது. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டால் பத்துப் பதினைந்து முறை உதைத்த பிறகே உயிர் வருகிறது, ஐடிலிலும் நிற்பதில்லை. பிளக் புதியது, கார்ப்பரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. சூடாக இருக்கும்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) 85 பிஎஸ்ஐ காட்டுகிறது. டேப்பட் (வால்வுத் தண்டை அழுத்தும் திருகு) சத்தம் துளியும் இல்லாததால் வால்வில் குறை இருக்காது என்றும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருப்பதால் போர் செய்ய (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இதை உறுதிசெய்து கொள்ள வழி உண்டா?

முதல் பதில்

சத்தம் இல்லை என்பதுதான் எனக்கு ஐயத்தைத் தருகிறது. வால்வின் முகமும் அது அமரும் சீட்டும் தேயத் தேய வால்வுத் தண்டு ராக்கரை (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலை) நோக்கி மேலேறுவதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள டேப்பட் இடைவெளி நாளடைவில் குறைந்துகொண்டே வரும். சத்தமும் அதனுடன் அடங்கிவிடும். குளிர்ந்த நிலையில் மயிரிழை இடைவெளி மிஞ்சியிருந்தாலும், எஞ்சின் சூடேறித் தண்டு நீளும்போது அதுவும் மறைந்து, வால்வு முழுமையாக மூடாமல் நிற்கும். உங்கள் வண்டி காலையில் ஒழுங்காகக் கிளம்புவதும் சூட்டில் மக்கர் செய்வதும் இதனுடன் நன்றாகவே பொருந்துகிறது. இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைச் சீட்டில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது, அமர முடியாத வால்வு விளிம்பில் கருகத் தொடங்கும். சற்றே சத்தம் போடும் டேப்பட்டால் இவ்வளவு கேடு இல்லை.

இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில் அளந்து பாருங்கள். பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் மேக்னெட்டின் ‘டி’ குறியை நேராக நிறுத்தி, இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் இறுக்கமாக இருந்தால் பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் நிற்கிறது என்று பொருள். இன்னொரு முழுச் சுற்று சுற்றி, இரண்டும் தளர்வாக அசையும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில்தான் அளக்க வேண்டும். இங்கே தவறியவர்கள் ஏராளம், நானும் அவர்களில் ஒருவன். இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ரிங்கையும் விட்டுவிட வேண்டாம். ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து வைத்து, குளிர்ந்த நிலையிலும் ஒருமுறை கம்ப்ரஷன் பாருங்கள். அதன்பின் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளந்தால், ரிங் தேய்ந்திருக்குமானால் முள் கணிசமாக ஏறும். வால்வு கசிந்தால் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். படுக்கைவாட்டுச் சிலிண்டரில் ஆயில் ஒருபக்கமாகத் தேங்கிவிடும் என்பதால் அங்கே இதை நம்ப முடியாது. உதைப்பது எளிதாக இருக்க அழுத்தத்தைச் சற்றே வெளியேற்றும் டீகம்ப்ரஷன் அமைப்பு கேம்ஷாஃப்டில் உள்ள எஞ்சின்களில் அளவே குறைத்துத்தான் காட்டும்.

காற்று அடிக்கும் வசதி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு, பிளக் துளை வழியே காற்றைச் செலுத்திக் காதை வையுங்கள். சீறல் சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. குளிர்ந்த நிலையில் கம்ப்ரஷன் 130 பிஎஸ்ஐ இருந்தது; ஆயில் விட்ட பின் 135தான். கையேடு எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளிக்கு 0.10 மில்லிமீட்டர் கேட்கிறது, எனக்கோ 0.03 அளவுத் தகடுகூட (ஃபீலர் கேஜ்) நுழையவில்லை. சரிசெய்த பிறகு சூட்டிலும் 115 காட்டுகிறது, மூன்றாவது உதையில் கிளம்புகிறது. ஆனாலும் காற்று அடித்தபோது சைலன்சரில் மெல்லிய சீறல் கேட்டது.

முதல் பதிலளித்தவர்

அப்படியானால் போர் வேலைக்கு இப்போது அவசியமில்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். வால்வுகளைக் கழற்றுவதற்கு முன், பிளக்கை மாட்டி, ஹெட்டைச் சாய்த்து எக்ஸாஸ்ட் வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். எரியறைப் பக்கம் எங்கே ஈரம் பூக்கிறதோ அங்கேதான் கசிவு. வால்வு முகத்தில் சாம்பல் நிற வளையம் ஒரே அகலத்தில் சுற்றி வந்திருந்தால் கிரைண்டிங் பேஸ்ட் இட்டுத் தேய்த்தாலே சரியாகிவிடும். ஓரிடத்தில் வளையம் அறுந்து கருத்திருந்தால் வால்வை மாற்றிவிடுங்கள். கருகிய பள்ளத்தைத் தேய்த்தே போக்க முயன்றால் சீட்டுதான் கரையும். வால்வு கைடில் (தண்டு ஓடும் குழலில்) தண்டு பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பார்த்து, தண்டின் ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள். புதிதாகத் தேய்த்த சீட்டு படியும்போது இடைவெளி மீண்டும் சற்றுக் குறையும் என்பதால், 500 கிலோமீட்டரில் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். டேப்பட் ஸ்க்ரூவின் லாக் நட்டை இறுக்கிய பிறகும் தகடை நுழைத்துப் பாருங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ சேர்ந்து திரும்பிவிடுவதுண்டு.