8.8 லட்சம் கோடி டாலர்: திறமூலத்தின் மதிப்பா, ஊதிப் பெருக்கிய எண்ணா?

நிரல்நேசன்: ஹார்வர்டு வணிகப் பள்ளி 2024-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இது. திறமூல மென்பொருளே, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் இலவசமாகப் பயன்படுத்தவும் முடிகிற மென்பொருளே, இல்லையென்றால் நிறுவனங்கள் மென்பொருளுக்கு இப்போது செலவிடுவதைப் போல 3.5 மடங்கு செலவிட வேண்டியிருக்குமாம். அதன் மதிப்பு 8.8 லட்சம் கோடி டாலர். ‘சும்மா கிடைப்பதுதானே’ என்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

கணக்கன்: காட்டுவதற்கு முன் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்றும் பாருங்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் அதே நிரலைத் தனித்தனியாக எழுதினால் ஆகும் செலவு அது. நிஜத்தில் அப்படி யார் செய்வார்கள்? ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஒரே ஒருமுறை எழுத 415 கோடி டாலர் போதும் என்று அதே அறிக்கை சொல்கிறதே, அது உங்கள் கண்ணில் படவில்லையா?

நிரல்நேசன்: பட்டது. 415 கோடியில் எழுதியதை இத்தனை பேர் பயன்படுத்த முடிகிறது என்பதுதானே என் வாதமே! விற்பவர் ஒருவர் என்றால் விலையும் அவர் வைத்ததுதான். ஐரோப்பிய ஆணையத்துக்காகச் செய்த 2021 ஆய்வையும் பாருங்கள். 2018-இல் ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்கள் திறமூலத்தில் போட்டது சுமார் 100 கோடி யூரோ, பொருளாதாரத்துக்குக் கிடைத்தது 6,500 முதல் 9,500 கோடி யூரோ.

கணக்கன்: பொருளாதார மாதிரியில் கிடைத்த மதிப்பீடு அது, கல்லாவில் எண்ணிய பணம் இல்லை.

இரவுப்பராமரிப்பு: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஹார்வர்டு அறிக்கையில் நீங்கள் இருவருமே தொடாத வரி ஒன்று உண்டு. அந்த மதிப்பில் 96 சதவீதம், 5 சதவீத நிரலர்களின் உழைப்பு. நானும் ஒரு சின்ன நிரல் நூலகத்தை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, சும்மா பராமரிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் பொறியாளர் அதில் ஒரு பிழையைப் பதிந்துவிட்டு, “வெள்ளிக்கிழமை எங்கள் வெளியீடு, அதற்குள் சரிசெய்து விடுங்கள்” என்று எழுதினார். வணக்கம்கூட இல்லை! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

நிரல்நேசன்: வருத்தம்தான். ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருவைப் பாருங்கள். அதற்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். போட்டியாளர்களே ஒரே நிரலில் வேலை செய்கிறார்கள்.

கணக்கன்: கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பணம் கொட்டுகிறது. எக்ஸ்இசட்டுக்கு யார் கொடுத்தார்கள்? கோப்புகளைச் சுருக்கும் அந்த நிரலை ஒருவரே சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உதவுவதாக வந்தவர் இரண்டு வருடத்துக்கும் மேல் நம்பிக்கை சம்பாதித்து, 2024-இல் அதில் பின்கதவு, அதாவது கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, வைத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை விநாடி தாமதமானதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்திராவிட்டால்?

நிரல்நேசன்: நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது.

இரவுப்பராமரிப்பு: பார்க்க முடிந்தது, சரி. பார்ப்பதற்குச் சம்பளம்? இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்த பிறகுதான் அதற்குப் பெரிய நிறுவனங்கள் பணம் போட்டன. அதற்கு முன் வருட நன்கொடை சுமார் 2,000 டாலர். அடி விழுந்தால்தான் பணம் வரும் போல. ஜெர்மனி அரசு 2022-இல் இதற்கென்றே ஒரு நிதியம் தொடங்கியது. சாலையைப் பராமரிப்பது போல இதையும் வரிப்பணத்தில் செய்யலாம் என்பது என் கட்சி.

கணக்கன்: வரிப்பணமா? லாபம் பார்க்கிற நிறுவனங்கள் கொடுக்கட்டும். 8.8 லட்சம் கோடி மிச்சப்படுத்தியவர்கள் அவர்கள்தானே, நிரல்நேசன் கணக்குப்படி.

நிரல்நேசன்: அப்படியானால் என் எண்ணை ஒத்துக்கொண்டீர்கள்!

கணக்கன்: பில் அனுப்ப மட்டும்.