அம்மா மகளுக்குத் தலை பின்னும் காட்சி, முகம் சாம்பலாக வருகிறது, உதவுங்கள்

மழைக்கேமரா:
அட்லாண்டாவில் சினிமா படிக்கிறேன். கூடப் படிக்கும் கறுப்பினத் தோழி ஒருத்தி, தன் அம்மாவையும் தன்னையும் பற்றி எழுதிய கதையைப் படமாக எடுக்கிறாள். மகளாக அவளே நடிக்கிறாள், அம்மாவாக அவள் அம்மாவே. கேமரா நான். கையில் இருப்பது கொஞ்சம் சேமிப்பும் கடனும், 18 நாள் படப்பிடிப்பும்தான்.

படத்தின் உயிரே ஒரு காட்சி. சமையலறையில் அம்மா நாற்காலியில், மகள் தரையில் அவர் முழங்கால்களுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை பூராவும் பின்னல். முடிவதற்குள் தான் ஊரைவிட்டுப் போவதை மகள் சொல்லியாக வேண்டும். சோதனைக்கு எடுத்துப் பார்த்தால் அம்மாவின் முகம் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. தோழி ஒன்றும் சொல்லவில்லை, மானிட்டரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதுதான் உறுத்துகிறது. எனக்கோ என் அம்மா எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டது ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது, அதை இதற்குள் நுழைத்துவிடக் கூடாது என்றும் தெரிகிறது. முன்னால் எடுத்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

பழையரீல்:
முகத்துக்குப் பவுடர் போட்டீர்களா? போட்டிருந்தால் முதலில் அதைத் துடையுங்கள். கறுப்புத் தோலில் அந்தப் பளபளப்புதான் முகத்துக்கு வடிவம் கொடுக்கிறது, பவுடர் அதைக் கொன்று சாம்பலாக்கிவிடும். ஷியா வெண்ணெய் (ஓர் ஆப்பிரிக்க மரக்கொட்டையின் கொழுப்பு) லேசாகத் தடவினால் போதும். விளக்கைக் கூட்டாதீர்கள், ஜன்னல் பக்கம் உட்காரவைத்து எதிரே ஒரு பெரிய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டவே வேண்டாம்.

இது உங்கள் தப்பு மட்டும் இல்லை. கலர் பிலிம் பிரிண்டுக்கு அளவுகோலாக லேப்களில் பல காலம் வைத்திருந்த படமே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடையது, ஷெர்லி அட்டை என்பார்கள். கறுப்பின இயக்குநர் ஜூலி டாஷ் 1991-ல் வெளிவந்த ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ எடுத்தபோது, கறுப்பினத்தவர் நன்றாகத் தெரிகிறார்கள் என்று கோடாக்கை விட்டுவிட்டு அக்ஃபா பிலிமில் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். தெற்குக் கரோலினா தீவுகளில், ஏறக்குறைய 8 லட்சம் டாலரில் எடுத்த படம், ஒரே குடும்பத்தின் பல தலைமுறைப் பெண்களின் கதை. அதன் ஒளிப்பதிவாளர் ஆர்தர் ஜஃபாவுக்கு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவு விருது கிடைத்தது. அதில் வரும் பாட்டியின் நீலச் சாயம் ஏறிய கைகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கத்தரிமேசை:
எடிட்டர் என்பதால் என் கவலை வேறு. ஷெட்யூலைத் தலைமுடியை வைத்துப் போடுங்கள். மெல்லிய பின்னல் என்றால் ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும், அவிழ்க்க இன்னொரு நாள். அவிழ்த்த தலையோடு வரும் காட்சிகள் எல்லாம் முதலில், பின்னல் காட்சி நடுவில், பின்னிய தலையோடு வருபவை கடைசியில். நான் வேலை செய்த ஒரு குறும்படத்தில் இதை மாற்றிச் செய்தார்கள், பாதிப் படத்தில் நாயகி தொப்பியோடு திரிகிறாள்.

அப்புறம், இயக்குநர் தரையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்துவிட்டால் மானிட்டரை யார் பார்ப்பது? அதை இப்போதே முடிவு பண்ணுங்கள்.

அயோகா செஞ்சிராவின் ‘ஆல்மாஸ் ரெயின்போ’ (1994) கட்டாயம் பாருங்கள். புரூக்ளினில் வீட்டிலேயே அழகு நிலையம் நடத்தும் கண்டிப்பான அம்மா, வயதுக்கு வரும் மகள், பாரிஸிலிருந்து ஆரவாரமாக வந்து இறங்கும் அம்மாவின் சகோதரி. அம்மாவுக்கும் ஆசைகள் இருக்கின்றன என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை.

உப்புக்காற்று:
மேலே சொன்னதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அம்மாவே நடிக்கிறார் என்றால் அவரைத் தெய்வமாக்கிவிடும் ஆபத்து அதிகம். இயக்குநர் கமீல் பில்லப்ஸ் தன் நான்கு வயது மகளைத் தத்துக் கொடுத்தவர். இருபது வருஷம் கழித்து மகள் தேடி வந்ததை, கணவர் ஜேம்ஸ் ஹாட்சோடு சேர்ந்து ‘ஃபைண்டிங் கிறிஸ்டா’ என்று ஆவணப்படமாக்கினார், சன்டான்ஸ் 1992-ல் பெரிய பரிசு வாங்கியது. அதில் அவர் மன்னிப்புக் கேட்டு அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது, ஆனால் இன்றுவரை மறக்கவில்லை.

இன்னொன்று, மாஸ்டரையும் (படத்தின் மூலப் பிரதி) ஒப்பந்தக் காகிதங்களையும் பத்திரமாக வையுங்கள். கேத்லீன் காலின்ஸ் 1982-ல் எடுத்த ‘லூசிங் கிரவுண்ட்’ அவர் உயிரோடு இருந்தவரை தியேட்டருக்கே வரவில்லை. 1988-ல் 46 வயதில் போய்விட்டார். மகள் நீனா நெகட்டிவை மீட்டுப் புதுப்பித்த பிறகுதான் 2015-ல் திரைக்கு வந்தது. அம்மா–மகள் படம் என்று சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த நெகட்டிவ்தான்.

மழைக்கேமரா:
பவுடரேதான்! அவசரத்தில் நான்தான் என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், வெட்கமாக இருக்கிறது. துடைத்துவிட்டு ஜன்னலோரம் எடுத்ததைத் தோழியிடம் காட்டினேன், இந்த முறை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். மானிட்டரைப் பார்க்க அவள் தங்கை வருகிறாள். அம்மா போட்ட ஒரே நிபந்தனை: சீப்பு அவருடையது, ஆரம்பித்தால் முடிக்கும்வரை “கட்” என்று யாரும் கத்தக் கூடாது. பேட்டரி எத்தனை வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.