நாடகக் காட்சிக்கு யோசனை வேண்டும்: அரசிக்கு எதிரான சூழ்ச்சியை எப்போது வெளிப்படுத்துவது?

வணக்கம் நண்பர்களே. 1893-இல் ஹவாய் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டதைப் பற்றி ஒரு மேடை நாடகம் எழுதி வருகிறேன். ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஜனவரி 16 அன்று பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து 160-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் ஹொனலுலுவில் இறங்கினார்கள். அமெரிக்கர்களின் உயிரையும் உடைமையையும் காக்க வந்தோம் என்றார்கள். ஆனால் முகாம் போட்டது அரண்மனைக்குப் பக்கத்தில்! மறுநாளே ஆட்சி போய்விட்டது. பின்னால் இருந்தது ஹவாய்ச் சர்க்கரை வியாபாரத்தைப் பாதித்த அமெரிக்க இறக்குமதி வரிக் கொள்கையும், தீவுகளை அமெரிக்காவோடு இணைக்கும் ஆசையும்.

சதியை முன்நின்று நடத்திய லோரின் தர்ஸ்டன் வெளியாள் இல்லை. ஹொனலுலுவிலேயே பிறந்தவர், மிஷனரிகளின் பேரன். அவரை வெறும் வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை.

அரசியும் ஏமாளி அல்ல. சதிகாரர்களிடம் அல்ல, அமெரிக்காவின் படைபலத்துக்கே பணிகிறேன் என்று எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு வரிக்காகவே இந்த நாடகத்தை எழுதத் தொடங்கினேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். தர்ஸ்டனின் உள்நோக்கம் பார்வையாளர்களுக்கு முன்பே தெரிந்திருக்கலாமா, அல்லது படை இறங்கும்போதுதான் தெரிய வேண்டுமா? தனிமொழி வைக்காமல், பேச்சிலேயே அதைக் கசியவிடுவது எப்படி? மேடை அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.