உழவு இயந்திரத்துக்குக் ‘கவிழ்தடுப்பு’ வேண்டாம், ‘கவிழ்காப்பு’ என்போம்

சொல்லாக்கக் குழுமத்தாருக்கு வணக்கம்.

உழவு இயந்திர (டிராக்டர்) ஆசனத்தின் பின்னால் வளைந்து நிற்கும் இரும்புக்குக் ‘கவிழ்தடுப்பு’ என்ற சொல்லைச் சென்ற மடலில் முன்வைத்திருந்தீர்கள். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரும்பு எந்தக் கவிழ்வையும் தடுப்பதில்லை. இயந்திரம் கவிழும்போது ஓட்டுபவர் நசுங்காமலிருக்க ஓர் இடைவெளியைக் காத்துக் கொடுக்கிறது.

நான் இலங்கையின் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்துக்காரன். பெரும்போக உழவு முடிந்து சேற்றிலிருந்து வரம்பில் ஏற்றும்போது சித்தப்பாவின் இயந்திரத்தில் முன்சில்லுகள் எழும்பியதைக் கண்ணால் கண்டேன். பின்சில்லு சேற்றில் இறுகியிருக்கையில் கிளட்சைச் சட்டென்று விட்டால், சில்லு சுழல்வதற்குப் பதிலாக இயந்திரமே பின் அச்சைச் சுற்றி முன்பக்கம் எழும்பிப் பின்னோக்கிப் புரளும். மல்லாந்து விழ ஒன்றரை விநாடி போதும். குதித்துத் தப்ப முடியாது. நல்லவேளை, அவர் உடனே கிளட்சை மிதித்துவிட்டார். முன்சில்லுகள் தொப்பென்று இறங்கின. சாரமெல்லாம் சேறு, கை நடுங்கியது.

‘தடுப்பு’ இருக்கிறதென்று நம்பும் ஒருவர் அதே வரம்பில் துணிந்து ஏற்றுவார். ஆசனப்பட்டியையும் போடமாட்டார். பட்டி இல்லாதவர் வெளியே எறியப்பட்டு அந்த இரும்புக்கு அடியிலேயே அகப்படலாம். காயத் தடுப்பு ஆய்வில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் நிகழ்வுக்கு முன், நிகழ்வின்போது, நிகழ்வுக்குப் பின் என்று மூன்று கட்டங்களைப் பிரித்துக் காட்டினார். கவிழ்வைத் தடுப்பது முதற்கட்டத்துக்கு உரியது. இந்த இரும்பின் வேலை இரண்டாவதில்.

ஆகவே ‘கவிழ்காப்பு’. வினைத்தொகையாகப் பிரித்தால் ‘கவிழும் காப்பு’ ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். சுடுகாடு என்பதைச் சுடும் இடமாகிய காடு என்றுதானே கொள்கிறோம். இதுவும் கவிழும்போது காக்கும் காப்பு. நம் பத்திரிகைகள் ‘குடைசாய்ந்தது’ என்றே எழுதுகின்றன, எனக்கும் அது பிடித்த சொல். ஆனால் ‘குடைசாய்வுக் காப்பு’ வாயில் நீள்கிறது.

முழுப்பெயரில் இரும்புச் சட்டத்தைக் (frame) குறிக்கச் ‘சட்டம்’ என்ற சொல் மட்டும் வேண்டாம். 1959இல் சுவீடன் புதிய உழவு இயந்திரங்களுக்கு இந்த இரும்பைக் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது. அந்தச் செய்தியைக் ‘கவிழ்காப்புச் சட்டம் கட்டாயமானது’ என்று எழுதினால், வாசிப்பவர் சட்டமன்றத்தைத்தான் நினைப்பார். ‘கவிழ்காப்புச் சட்டகம்’ என்றால் குழப்பமில்லை.

சொற்கோவையில் சேர்க்கும்போது, ஆசனப்பட்டியுடன் சேர்ந்தே பயன்படுவது என்ற விளக்கத்தையும் அதே பதிவில் எழுதிவிடுங்கள்.