'வேண்டிய ஆகாரம்' சரியான மொழிபெயர்ப்பா? (மத்தேயு 6:11)

பெரோயன்: இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்கிறோம். 'வேண்டிய' இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் 'எபியூசியோஸ்'. என் கணக்கில் அது 'நாளைக்குரிய'. அப்போஸ்தலர் 16:11-ல் 'மறுநாளிலே' என்பதற்கு 'எபியூசே' என்றுதான் இருக்கிறது. பைபிளில் சேராத எபிரெயர் சுவிசேஷத்தில் இந்த இடத்தில் 'மாஹார்', அதாவது நாளை, என்று கண்டதாக, பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோமும் எழுதியிருக்கிறார்.

சாரோன் ரோஜா: பிரதர், அதே அதிகாரம் 34-ஐயும் வாசியுங்கள்: "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்." நாளைச் சோற்றை இன்றே கேளுங்கள் என்று சொன்ன வாயா இதையும் சொல்லும்? வனாந்தரத்தில் வானத்திலிருந்து பெய்த மன்னாவை மறுநாளுக்கு வைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சியது. 'எபி' + 'ஊசியா' (இருத்தல், உள்பொருள்), அதாவது உயிர்வாழ வேண்டியது. அவ்வளவுதான்.

பெரோயன்: ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்த மன்னா புழுக்கவில்லையே, சிஸ்டர் (யாத். 16:24). அதோடு, உயிரெழுத்துக்கு முன் 'எபி'யின் இகரம் கெடும். 'எபூசியோஸ்' என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

சாரோன் ரோஜா: 1 தீமோத்தேயு 1:10-ல் பொய்யாணை இடுகிறவன் 'எபியோர்கோஸ்'. இகரம் கெட்டதா?

ஞாயிறுபூசை: கத்தோலிக்கரான நாங்கள் 'அனுதின உணவு' என்போம். வேடிக்கை என்னவென்றால், ஜெரோம் ஒரே சொல்லை லூக்காவில் 'அன்றாட' என்றும் மத்தேயுவில் 'உள்பொருளுக்கு மேலான' என்றும் லத்தீனில் போட்டார். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு பலர் நற்கருணை என்கிறார்கள்.

மீன்வலை: எதற்குச் சண்டை? எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் செலவுக் கணக்கில் இந்தச் சொல் இருக்கிறது. அன்றாடப் படிதான் பொருள்.

பெரோயன்: அது 1889-ல் வெளியான வாசிப்பு, அண்ணா. அந்த ஏடு பிறகு காணாமல் போய், 1998-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. திரும்பப் படித்தால் அங்கே இருந்தது 'எலாயூ', எண்ணெய்! கிரேக்கமே பேசி வளர்ந்த சபை அறிஞர் ஒரிகேன் 3-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: அறிஞரும் புழங்காத, பாமரரும் பேசாத சொல், சுவிசேஷகர்களே உண்டாக்கியது போலிருக்கிறது என்று.

சாரோன் ரோஜா: ஒரிகேனைக் கூப்பிட்டால் லாபம் எனக்குத்தான். அவர் 'ஊசியா' பக்கம்.

பெரோயன்: ஆனால் அவர் சொன்னது ஆத்துமாவின் உணவு, சிஸ்டர். உங்கள் சோறும் அவருக்கு ஆகாது.